ஹாம்பர்க் முதல் துலூஸ் வரை: ஒரு விமானத்தின் கம்பிகள் போன வழி

ஏர்பஸ் ஏ380 விமானம் ஒன்றுக்குள் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடுகின்றன. தனித்தனியாக எண்ணினால் ஏறக்குறைய ஒரு லட்சம் கம்பிகள். அவற்றைச் சேர்க்கும் இணைப்பிகள் 40,000க்கு மேல். முன், பின் உடற்பகுதிகளுக்குரிய கம்பிகள் வடஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பொருத்தப்பட்டு, கடல், ஆறு, சாலை என்று மூன்றையும் கடந்து தென்மேற்குப் பிரான்சின் துலூஸ் நகருக்குப் போயின. அங்கே ஒரு பகுதியின் கம்பியை அடுத்த பகுதியின் கம்பியோடு சேர்க்கும்போது பல இடங்களில் நீளம் போதவில்லை. இதற்கு ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் ஒத்துப்போகாததுதான் காரணம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த வழித்தடத்தை ஊர் ஊராகத் தொடர்ந்து போனால், மென்பொருளைவிட அதன் முன்னே உட்கார்ந்திருந்தவர்களின் தேர்ச்சிக்கே அந்தக் கதையில் பெரிய பங்கு இருந்தது தெரியவரும்.

ஹாம்பர்க் துறைமுகத்தின் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படித்துறையிலிருந்து 62ஆம் எண் படகு எல்பே ஆற்றில் மேற்கே போகிறது. நகரப் பேருந்துச் சீட்டே இதற்கும் செல்லும். வலப்பக்கம் மீன்சந்தை கடந்துபோக, சிறிது நேரத்தில் இடக்கரையில் ஃபிங்கன்வெர்டர் வந்துவிடுகிறது. அதற்கும் மேற்கே, ஆற்றை ஒட்டி, ஏர்பஸ் ஆலை. எதிர்க்கரையில் பிளாங்கெனேஸ மேட்டில் படிக்கட்டுத் தெருக்கள் இருக்கின்றன. ஆலையைப் பார்க்க அதுவே நல்ல இடம். ஏ380க்கு இடம் போதாததால் மூலன்பெர்கர் லோக் என்ற, கடல் ஏற்றவற்றம் எட்டும் நன்னீர்ச் சதுப்பின் ஒரு பகுதியை மண் கொட்டி மூடினார்கள். இயற்கை ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். ஓடுபாதையை நீட்டுவதற்கு நோயன்ஃபெல்டே கிராமத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பக்கம் முழுவதும் ஆப்பிள் தோட்டங்கள். நிலத்தை விட மனமில்லாதவர்கள் பலர். நீட்டிய ஓடுபாதை 2007இல்தான் முடிந்தது.

முன், பின் உடற்பகுதிகளைக் கட்டுவதும் பயணிகள் அறையை அமைப்பதும் ஹாம்பர்க்கின் பொறுப்பாக இருந்தது. பயணிகள் அறை என்றாலே மாற்றம்தான். ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் இருக்கை வரிசை வேறு, சமையலறை இருக்கும் இடம் வேறு, இருக்கைத் திரைகளின் எண்ணிக்கை வேறு. ஒரு சமையலறை ஒரு மீட்டர் நகர்ந்தால் அதற்குப் போகும் மின்சாரக் கம்பி, விளக்குக் கம்பி, தகவல் கம்பி எல்லாம் வழி மாறும். விமானத்தில் கம்பிகள் ஒற்றையாக ஓடுவதில்லை. ஒரே திசையில் போகிறவற்றைச் சேர்த்துக் கட்டி, முனைகளில் இணைப்பி மாட்டி, வயரிங் ஹார்னஸ் என்ற கட்டாக முன்கூட்டியே தயாரிப்பார்கள். அதைச் சட்டகத்தின் துளைகள் வழியே கொண்டுபோய்ப் பிடிப்பான்களில் பொருத்துவார்கள். ஹார்னஸ் ஒருமுறை தயாரான பின் அதன் நீளத்தைக் கூட்ட முடியாது. ஆகவே, எந்தக் கட்டு எந்த வழியில் எத்தனை வளைவுகளோடு போகும் என்பதை விமானம் உருவாகும் முன்பே கணக்கிட்டாக வேண்டும்.

இந்தக் கணக்குக்குத்தான் முப்பரிமாணக் கணினி மாதிரி. சட்டகம், குழாய், கம்பி என எல்லாவற்றையும் திரையில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால், எது எதோடு முட்டுகிறது, எது எட்டவில்லை என்பது தகடு வெட்டும் முன்பே தெரியும். ஏர்பஸ் பயன்படுத்தியது கேட்டியா என்ற மென்பொருள். 1977இல் தஸோ என்ற பிரெஞ்சு விமான நிறுவனம் தன் சொந்தத் தேவைக்கு எழுதத் தொடங்கியது அது. 1981இல் தஸோ சிஸ்தெம் என்ற தனி நிறுவனம் பிறந்து அதை விற்க ஆரம்பித்தது. ஏ380 வடிவமைப்பு நடந்த காலத்தில் ஜெர்மனி, ஸ்பெயின் கிளைகள் அதன் நான்காம் பதிப்பிலும், பிரான்ஸ், பிரிட்டன் கிளைகள் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தன. ஐந்தாம் பதிப்பு நான்காவதன் திருத்தம் அல்ல, அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. ஒன்றின் கோப்பை மற்றதில் திறக்கலாம். ஆனால் வடிவம் வருமே தவிர, அதை வரைந்தவர் வைத்த தொடர்புகள் முழுமையாக வராது.

அந்தத் தொடர்புகள் என்ன என்பதில்தான் தேர்ச்சி பற்றிய விஷயமே அடங்கியிருக்கிறது. நான்காம் பதிப்பில் பழகியவர் பெரும்பாலும் வடிவத்தை நேரடியாக வரைவார். இந்தத் துளை இங்கே, இந்த வளைவு இவ்வளவு என்று. ஐந்தாம் பதிப்பு வேறு விதமாக யோசிக்கச் சொல்கிறது. துளையைச் சட்டகத்தின் விளிம்பிலிருந்து இவ்வளவு தூரம் என்று கட்டிவைத்தால், விளிம்பு நகரும்போது துளையும் தானே நகரும். அதன் வழியே போகும் ஹார்னஸின் நீளமும் தானே திருந்தும். ஆனால் எதை எதோடு கட்டுவது என்று தீர்மானிப்பது மனிதர். எது பின்னால் மாறும், எது மாறாது என்று முன்கூட்டியே ஊகிக்கத் தெரிந்தவர் கட்டிவைத்த மாதிரி பத்துத் திருத்தம் வந்தாலும் தாங்கும். கட்டளைகளை மட்டும் கற்றுக்கொண்டவர் புதிய பதிப்பிலும் பழைய முறையிலேயே வரைந்து வைப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் திருத்தம் வரும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். பட்டன்களைக் கற்க சில வாரங்கள் போதும். மற்றதற்கு வருஷக்கணக்கில் ஆகும். அதுவும் பொருத்தும் கூடத்தில் நின்று பார்த்தவருக்கே சீக்கிரம் வரும்.

ஹார்னஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. எடையைக் குறைக்க ஏ380இல் பல இடங்களில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. அடர்த்தியோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே அதே மின்னோட்டத்துக்குக் கம்பி தடிமனாகும், எடை மட்டும் பாதியாகும். தடித்த கம்பி இறுக்கமாக வளையாது. கிணற்றுத் தாம்புக் கயிற்றையும் சணல் நூலையும் ஒரே ஆணியில் சுற்றிப் பார்த்தவருக்கு இது புரியும்: பெரிய வளைவு அதிக நீளத்தைத் தின்னும். வளைவு ஆரம் இவ்வளவு என்று கொடுத்தால் மென்பொருள் பிசகாமல் வரையும். கொடுத்த ஆரத்துக்கு அந்தக் கட்டு உண்மையில் வளையுமா, வளைக்கும் தொழிலாளியின் கை அந்த இடுக்கில் நுழையுமா என்பதெல்லாம் கம்பி கையாண்ட ஒருவர் சொல்ல வேண்டியவை.

ஃபிங்கன்வெர்டர் துறையிலிருந்து 'வில் த பொர்தோ' என்ற கப்பல் உடற்பகுதிகளை ஏற்றிக்கொண்டு வடகடலுக்குள் நுழைந்தது. ஏ380 பாகங்களுக்கென்றே கட்டிய கப்பல் அது. பின்பக்கக் கதவைத் திறந்து பாகங்களை வண்டியோடு உள்ளே உருட்டிவிடலாம்.

அந்தக் கடலின் மறுகரையில், நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்குப் பக்கத்தில், இதே விஷயத்துக்கு முந்தைய சான்று ஒன்று நீருக்கடியில் கிடக்கிறது. ஸ்லெய்ப்னர் ஏ என்ற எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று கான்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியில் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை; நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். அடித்தளத்தின் அறைச் சுவர்களில் வரும் அழுத்தத்தைக் கணினியில் கணக்கிட்டபோது, சுவர்கள் கூடும் இடத்தைப் போதிய நுணுக்கமில்லாத வலைக்கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். அதனால் வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாக வந்தது, சுவரும் மெலிந்துபோனது. அந்த மென்பொருள் உலகம் முழுவதும் நம்பிக்கையோடு பயன்பட்டு வந்ததுதான். விபத்துக்குப் பிறகு பொறியாளர்கள் கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடைந்திருக்கும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முதலிலேயே யாராவது ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துப் புருவம் உயர்த்தியிருந்தால் போதும்.

கப்பல் அடுத்துப் போனது வேல்ஸ் நாட்டின் மாஸ்டின் துறைமுகத்துக்கு. பிராட்டன் ஆலையில் செய்த இறக்கைகள் டீ ஆற்றில் தட்டைப்படகில் வந்து இங்கே கப்பலேறின.

லுவார் ஆறு கடலில் கலக்கும் சேன் நசேரில் கப்பல் ஹாம்பர்க் பகுதிகளில் சிலவற்றை இறக்கி, அங்கே மூக்குப் பகுதியோடு சேர்த்துக் கட்டிய பெரிய பகுதிகளை ஏற்றிக்கொண்டது. குயின் மேரி 2 கப்பலைக் கட்டிய தளம் இந்த ஊரில்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய நீர்மூழ்கிக் கூடம் இன்றும் இடிக்க முடியாத கான்கிரீட் மலையாக நிற்கிறது. சேன் நசேரைத் தாண்டி ஜிரோந்து கழிமுகத்துக்குள் திரும்பினால் பொயாக். லாஃபித், லாத்தூர், மூத்தோன் என்ற, மிக அதிக விலைக்குப் போகும் திராட்சை மதுக்கள் விளையும் ஊர். அதன் ஆற்றங்கரையில் பாகங்கள் தட்டைப்படகுக்கு மாறின. கரோன் ஆற்றில் லாங்கோன் வரை சுமார் 95 கிலோமீட்டர். நடுவே பொர்தோ நகரில் 1822இல் முடிந்த பதினேழு வளைவுக் கல்பாலம். கடல் ஏற்றம் அளவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் படகு அதன் கீழே நுழைய முடியும். நேரம் தப்பினால் காத்திருக்க வேண்டியதுதான்.

லாங்கோனிலிருந்து துலூஸ் வரை சாலைவழி சுமார் 240 கிலோமீட்டர். இதற்காகவே சாலைகளை அகலப்படுத்தி, வளைவுகளை நேராக்கி, ஊர்களுக்குப் புறவழி போட்டார்கள். மூன்று உடற்பகுதிகள், இரண்டு இறக்கைகள், ஒரு வால் இறக்கை என ஆறு வண்டிகள் ஒரு தொடராக இரவில் மட்டும் நகர்ந்தன. புறவழி போட முடியாத ஓர் ஊர் லெவின்யாக். அதன் தெருவில் உடற்பகுதி ஊர்ந்தபோது, மாடி ஜன்னலில் நிற்பவர் கைநீட்டித் தொடும் தூரத்தில் போயிற்று. பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வந்து கூடுவார்கள். கடைசித் தொடர் 2020 ஜூனில் இந்தத் தெருவைக் கடந்தது. இவ்வளவு பெரிய பாகத்தை இவ்வளவு குறுகலான தெருவில் ஓடு சிதறாமல் கொண்டுபோனவர்களின் திறமையைப் பார்த்தால், அதன் உள்ளே இருந்த கம்பி சில சென்டிமீட்டர் குறைந்துபோனது இன்னும் விநோதமாகத் தோன்றும்.

துலூஸின் பிளான்யாக் பகுதியில் ழான் லுக் லகார்தேர் கூடம் இருக்கிறது. நீளம் 490 மீட்டர், அகலம் 250, உயரம் 46. பகுதிகள் இங்கேதான் ஒன்றாயின. முதல் ஏ380 இங்கிருந்து 2005 ஏப்ரல் 27 அன்று பறந்தது, உலகமே கைதட்டியது. அடுத்தடுத்த விமானங்களில்தான் கம்பிகளின் விவகாரம் முற்றியது. ஹாம்பர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துலூஸுக்கு வந்து, பொருத்தியதைப் பிடுங்கி, வழியை மாற்றி, கையாலேயே மறுபடி போட்டார்கள். ஒரு விமானத்தில் கண்ட திருத்தம் அடுத்த விமானத்தின் கணினி மாதிரியில் ஏறும் முன்பே அடுத்த பகுதி லெவின்யாக்கைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. 2006 ஜூன் 13 அன்று, விமானங்களைத் தருவதில் இரண்டாம் முறையாகத் தாமதம் என்று ஏர்பஸ் அறிவித்தது. மறுநாள் தாய்நிறுவனத்தின் பங்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஜூலையில் ஏர்பஸ் தலைவர் குஸ்தாவ் ஹம்பெர்ட்டும் தாய்நிறுவனத்தின் இணைத் தலைவர் நோயல் ஃபொர்ஜாரும் பதவி விலகினார்கள். அக்டோபர் 3 அன்று மூன்றாம் தாமதம் வந்தது. அன்றைய கணக்கில் 2010 வரையிலான லாபத்தில் துண்டு விழுந்த தொகை 480 கோடி யூரோ.

அன்று நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தைச் செய்தித்தாள்கள் முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. ஹார்னஸ் பொருத்தும் வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூலகாரணமாகச் சொன்னவை இரண்டு: முப்பரிமாணக் கணினி மாதிரியைத் தாமதமாகக் கொண்டுவந்தது, அதில் வேலை செய்தவர்கள் இன்னும் கற்றுக்கொண்டே இருந்தது. மருந்தாகச் சொன்னவற்றில் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கருவி என்பது ஒன்று. கூடவே, பல நாட்டவரும் கலந்த குழுக்கள், கருவியைப் பயன்படுத்துவோருக்கு விரைவான பயிற்சி. பதிப்பு வேறுபாடு பொய்யில்லை. ஆனால் தேர்ந்த குழு ஒன்றின் கையில் அது சில மாத எரிச்சலாக முடிந்திருக்கும். எந்த மாற்றம் எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தவர்கள், கோப்பு மாற்றத்தில் என்ன தொலைகிறது என்று சோதித்துப் பார்த்திருப்பார்கள்.

இதே கேட்டியாவைக் கொண்டு போயிங் 777 விமானத்தை வடிவமைத்தார்கள். முழுக்கவும் கணினியிலேயே வரைந்த முதல் பெரிய பயணிகள் ஜெட் அது. 1994 ஜூன் 12 அன்று முதலில் பறந்தது. 238 குழுக்கள், ஒவ்வொன்றிலும் வரைபவர், ஆலையில் பொருத்துபவர், பராமரிப்பவர் என்று எல்லாத் தரப்பும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். விமான நிறுவனங்களின் ஆட்களும் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தார்கள். திரையை மட்டும் நம்பாமல் மூக்குப் பகுதிக்கு ஒரு மரபான முழுஅளவு மாதிரியும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் விமானத்தின் உடற்பகுதி நேர்கோட்டிலிருந்து விலகியது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 23 பங்கு மட்டுமே. பழைய முறையில் அரை அங்குலம் விலகினால் அது சாதாரணம். கருவி ஏர்பஸிடம் இருந்ததைவிடப் பழையது. கணினிகளின் வேகமும் குறைவு.

எல்லோருக்கும் ஒரே பதிப்பு கொடுத்தால் போதும் என்பவர்களுக்குப் போயிங்கின் 787 விமானம் பதில் சொல்கிறது. அதில் ஜப்பான் முதல் இத்தாலி வரை எல்லாப் பங்காளிகளும் கேட்டியா ஐந்தாம் பதிப்பில்தான் வேலை செய்தார்கள். பதிப்புச் சண்டைக்கு இடமே இல்லை. ஆனால் விரிவான வடிவமைப்பையே பங்காளிகளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு அந்த அளவு வேலை புதிது, மேற்பார்வையிட போயிங்கின் சொந்த ஆட்களும் போதவில்லை. 2007 ஜூலை 8 அன்று ஊருக்குக் காட்டிய முதல் விமானம் பல இடங்களில் தற்காலிக மரையாணிகளால் கோத்த வெறும் கூடு. 2009 ஜூனில், இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் பலம் போதாது என்று தரைச் சோதனையில் தெரிந்து முதல் பறப்பு மறுபடி தள்ளிப்போயிற்று. 2008 மேயில் தரவேண்டிய விமானம் 2011 செப்டம்பரில்தான் கைமாறியது.

நியாயமாக, துலூஸில் மென்பொருள் ஜெயித்த இடத்தையும் சொல்ல வேண்டும். 2006 பிப்ரவரி 14 அன்று ஒரு ஏ380 இறக்கையை உடையும்வரை வளைத்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. 1.45 மடங்கில் உடைந்தது. செய்தியில் தோல்வி என்று வந்தது; பொறியாளர்களுக்கோ அது பெருமை. 80 மீட்டர் அகலத்துக்கு விரியும் இறக்கைகளின் உடைநிலையைக் கணக்கில் ஏறக்குறைய மூன்று சதவீதத்துக்குள் பிடித்திருந்தார்கள். இறக்கைக்குச் சுமார் 30 கிலோ உலோகம் சேர்த்து விஷயம் முடிந்தது. பலநாள் அழுத்தக் கணக்கில் ஊறியவர்கள் கையில் கணினி இருந்தது, அதன் பலன் அது. அதே நிறுவனம், அதே வருஷம், அதே ஊர்; ஹார்னஸ் பக்கம் அந்த ஊறல் இல்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் முதல் ஏ380ஐ 2007 அக்டோபர் 15 அன்று வாங்கியது. பத்து நாள் கழித்துச் சிட்னிக்குப் பயணிகளோடு பறந்தது. எமிரேட்ஸ் 2021 டிசம்பரில் கடைசி விமானத்தைப் பெற்றுக்கொண்டது. மொத்தம் 251 விமானங்கள் விற்றன. அடுத்து வந்த ஏ350க்கு எல்லாக் கிளைகளும் பெரிய பங்காளிகளும் ஒரே கணினி மாதிரியில் வேலை செய்தார்கள். வடிவமைப்பின் முக்கிய கட்டத்தில் பல ஊர்ப் பொறியாளர்களைத் துலூஸில் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார்கள். அந்த விமானம் 2013 ஜூன் 14 அன்று பறந்தது.

இன்று இந்த வழியில் போக நினைப்பவர் லெவின்யாக் தெருவையும் பொர்தோ பாலத்தையும் சுதந்திரமாகப் பார்க்கலாம். துலூஸில் டிராம் ஏறி ஏரோஸ்கோப்பியா அருங்காட்சியகத்தில் இறங்கினால், சோதனைக்குப் பயன்பட்ட ஏ380 ஒன்று வெளியே நிற்கிறது. உள்ளே ஏறிப் பார்க்க அனுமதி உண்டு. ஹாம்பர்க், துலூஸ் இரண்டு ஊர்களிலும் ஆலையைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு முன்பதிவு வேண்டும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள், சுற்றிக் காட்டுபவரிடம் விமானத்தின் எடையையும் விலையையும் கேட்டு முடித்த பிறகு, அங்கே ஒரு புதியவருக்கு ஹார்னஸ் வரையக் கற்றுத்தர எவ்வளவு காலம் ஒதுக்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.